அடுப்பேறாத உருண்டை

என் வீட்டுக்காரருக்கு ஊரில் பெயரே கிடையாது. மாஸ்டர் என்றால்தான் தெரியும். பேக்கரி மாஸ்டர். கடையின் பின்கட்டில் நின்று ரொட்டியும் கேக்கும் பிஸ்கட்டும் வேக வைக்கிறவர். முன்பக்கம் கண்ணாடிப் பெட்டியில் விளக்குப் போட்டு அடுக்கியிருப்பதெல்லாம் அவர் கையால் வெந்தவை. ஆனால் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று "அது வேணும், இது வேணும்" என்று விரல் நீட்டுகிறவர்களில் ஒருவராவது அவர் முகத்தைப் பார்த்திருப்பாரா என்றால், இல்லை. பார்த்தால் கொஞ்சம் பயந்துதான் போவார்கள். புருவம் பாதிதான் இருக்கிறது. மீதியை அடுப்பு தின்றுவிட்டது. முழங்கைக்குக் கீழே இரண்டு பக்கமும் தட்டு விளிம்பு சுட்ட கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து யாரோ இவருக்குச் சூடு போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அழுதேன். "யாரும் போடல, வேலைக்குப் போனா தானா விழும்" என்று அவர் சிரித்தார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

கோபம் எனக்கு மூக்கின் மேல்தான் இருக்கும். மறைக்கவில்லை. இரண்டு பேரில் ஒருவருக்காவது அது வேண்டாமா? இந்த மனுஷனுக்குக் கோபம் என்றால் என்னவென்றே தெரியாது. அவருக்கும் சேர்த்து நானே பட்டுக்கொள்கிறேன்.

நாள் முழுக்க வெக்கையில் நிற்கிறவருக்கு வீட்டில் சூடு என்றாலே ஆகாது. டீயை ஆற விட்டு, மேலே ஆடை படிந்த பிறகுதான் குடிப்பார். தட்டில் ஆவி பறந்தால் தள்ளி வைத்துவிட்டு, "அது முதல்ல அடங்கட்டும்" என்பார். நான் அடுப்பைப் பற்ற வைத்தால் எழுந்து வாசல் பக்கம் போய்விடுவார். அவர் வீட்டில் இருக்கிற நேரமே கொஞ்சம். அதிலும் பாதி வாசலில்.

ஆண்டு முடிகிறபோது ஊருக்கெல்லாம் பெரிய விடுமுறை வருமே, அது எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு நாள் தள்ளித்தான் வரும். ஊரே குளித்துப் புதுசு உடுத்திக்கொண்டு, பெட்டி பெட்டியாக இனிப்பு வாங்கிப் போகிற அன்றைக்கு, அந்தப் பெட்டிகளை நிரப்புகிறவர் எங்கே இருப்பார்? அடுப்பு முன்னால்தான். மறுநாள் கடை பூட்டியிருக்கும். அன்றைக்குத்தான் அவருக்கு விடுமுறை, எங்களுக்கும் விடுமுறை. வாசலில் எல்லார் வீட்டுக் குப்பையும் கிடக்கும், காலிப் பெட்டிகள் காற்றில் உருளும், நாங்கள் அப்போதுதான் கொண்டாட உட்காருவோம்.

அன்றைக்கு ஓர் இனிப்பு உண்டு. அடுப்பே ஏறாத இனிப்பு. மகள் பேசப் பழகிய நாளிலிருந்து அப்பாவும் மகளும் சேர்ந்து செய்வது. கூடத்தில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துகொள்வார்கள். பாக்கெட் பிஸ்கட்டை ஒரு பைக்குள் போட்டு, டம்ளரின் அடியால் நொறுக்குவாள் அவள். பொடி கண்ணில் பறக்கும். அதில் கோகோ பொடி, கொஞ்சம் வெண்ணெய், தகரக் குவளையில் வருகிற கெட்டிப்பால், நறுக்கிய பேரீச்சம்பழம், உடைத்த முந்திரி. பிசைவது அவர். உருட்டுவது இரண்டு பேரும். கடைசியில் காய்ந்த தேங்காய்த் துருவலில் ஒரு புரட்டு. ஒவ்வொரு உருண்டையின் தலையிலும் கட்டைவிரலை அழுத்தி ஒரு குழி போட்டு, அதில் ஒரு முந்திரித் துண்டு வைக்க வேண்டும். குழி போடுவது மகளின் வேலை. வேறு யாரும் அதில் விரல் வைக்கக் கூடாது. நான் ஒரு தடவை ஆசைக்கு ஒன்றில் அழுத்திவிட்டு, அவள் போட்ட கூச்சலில் அந்த உருண்டையை நானே தின்ன வேண்டியதாயிற்று.

கடையிலிருந்து பிஸ்கட் கொண்டு வரலாமே என்றால் மாட்டார். "என் கையால வெந்தத நானே எதுக்கு இடிக்கணும்?" என்பார்.

எதிர்வீட்டு அக்காவுக்கு இதில் ஒரே இளக்காரம். "பேக்கரி மாஸ்டர் வீட்ல பிஸ்கட்ட பொடிச்சு உருட்டறீங்களா? இதெல்லாம் ஒரு பலகாரமா? அடுப்பே பத்த வைக்காம?" என்று கதவில் சாய்ந்துகொண்டு கேட்பாள். கேட்டுவிட்டு இரண்டு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டும் போவாள். அடுப்பு முன்னால் நிற்காமல் ஒரு மனுஷன் தன் பிள்ளைக்கு ஒன்று செய்து கொடுக்கிறான் என்றால், அது எவ்வளவு பெரிய பலகாரம் என்று அவளுக்கு எங்கே தெரியப் போகிறது? வாய் வரைக்கும் வந்ததைப் பல்லைக் கடித்து விழுங்கிக்கொள்வேன். அண்டை அயல் என்று ஒன்று இருக்கிறதே.

ஆனால் மகளுக்கு மறுநாள் கொண்டாட்டம் போதவில்லை. எந்தப் பிள்ளைக்குத்தான் போதும்? தெருவில் எல்லார் அப்பாவும் இருக்கிற நாளில் தன் அப்பா மட்டும் இல்லையென்றால், அது குழந்தைக்கு விளங்குமா? காலையிலேயே கடைக்குப் போன் பண்ணுவாள். எடுப்பது முதலாளி. "அப்பாட்ட குடுங்க" என்று இவள் சொல்லி முடிக்கும் முன்பே, "மாஸ்டர் வேலையா இருக்காரு. அப்புறம் கூப்பிடு" என்று டக்கென்று வைத்துவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போடுவாள். அதே பேச்சு, அதே டக். அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் அந்த ஊமைச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நிற்பாள். கொஞ்சம் வளர்ந்த பிறகு பொம்மைகளை வைத்து விளையாடும்போது ஒரு பொம்மையிடம் இன்னொரு பொம்மை அதையே சொல்லும். "மாஸ்டர் வேலையா இருக்காரு. அப்புறம் கூப்பிடு." முதலாளியின் குரல் அச்சு அசலாக வரும். என் வீட்டுக்காரர் சிரிப்பார். எனக்கு வயிறு எரியும்.

இந்த முதலாளி கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்திருக்கலாம். இவர் தேன் ஒழுகப் பேசுகிறவர். என்னைப் பார்த்தால் "வாங்க தங்கச்சி" என்பார். "மாஸ்டர் நம்ம வீட்டு ஆளு, நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்பார். அந்தக் குடும்பம் என்கிற வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே என் குடும்பத்தில் பாதியை எடுத்துக்கொண்டார்.

மகள் கல்யாணத்தன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள். இவர் மேடையில் நின்றார், பெண்ணைக் கொடுத்தார், பந்தியில் உட்காரப் போகிறார், கடையிலிருந்து ஆள் வந்துவிட்டது. ஏதோ பெரிய ஆர்டராம். கேக் நடுவில் அமுங்கி அமுங்கிப் போகிறதாம், மாஸ்டர் வந்து ஒரு கண் பார்த்தால் போதுமாம். ஒரு கண் பார்க்கப் போனவர் மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கும்போதுதான் வந்தார். கல்யாண வேட்டியில் மாவு. சம்பந்தியம்மா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, கிளம்பும்போது என்னிடம், "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பொண்ணோட அப்பா எங்க போனாருன்னுதான் கடைசி வரைக்கும் எனக்குத் தெரியல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். அவள் முகம் போன போக்கை நான் மறக்கவே மாட்டேன்.

அதனால்தான் இந்த வருஷம் அப்படி ஒரு பிடிவாதம். மகள், மாப்பிள்ளை, சம்பந்தியம்மா மூன்று பேரும் விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மறுநாள் இல்லை, அன்றைக்கே. மகள் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பா அன்னிக்கு வீட்ல இருப்பாராம்மா? இல்லன்னா இப்பவே சொல்லிடு. நான் அவங்களைக் கூட்டிட்டு வரல." பெற்றவளிடம் பெண் இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? போனை அவரிடம் கொடுத்துவிட்டேன். அவர், "இருப்பேம்மா. குழி போட நீ வா" என்றார்.

முதலாளியிடம் அவரே போய்க் கேட்டார். இத்தனை வருஷத்தில் அந்த நாளுக்கு அவர் லீவு கேட்டது அதுதான் முதல் தடவை. முதலாளியும், "தாராளமா எடுத்துக்கோங்க மாஸ்டர், பொண்ணு வருதுல்ல, சின்ன மாஸ்டர வச்சு நான் ஓட்டிக்கறேன்" என்றார். கல்லாவில் நிற்கிற பெண் சாட்சி.

முந்தின நாள் மத்தியானம் கடையிலிருந்து, அடுப்புக்குள் வைக்கிற கறுப்புத் தட்டு இரண்டு வாங்கிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை பெரிய மனுஷர்கள் வருகிறார்கள், உருண்டையோடு இன்னொன்றும் செய்வோம் என்றார். நொறுக்கின பிஸ்கட்டைத் தட்டில் அழுத்திப் பரப்பி, மேலே சாக்லேட் ஊற்றி, உறைந்த பிறகு வில்லை போடுவது. சாக்லேட்டை உருக்கக்கூட அடுப்பைப் பற்ற வைக்கவில்லை அவர். கிண்ணத்தை மொட்டைமாடி வெயிலில் வைத்து உருக்கினார். நானும் கூட உட்கார்ந்து பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒரு தட்டு நிறைய வில்லை, ஒரு தட்டு நிறைய உருண்டை. உருண்டைகளின் தலை எல்லாம் குழி விழாமல் முழுசாக இருந்தன. ஒன்றிலும் விரல் படவில்லை. முந்திரித் துண்டுகளைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு மூடினார்.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் பேருக்குத்தான் ஃப்ரிட்ஜ். அதில் வைத்தால் தண்ணீருக்கே வேர்க்கும். சாக்லேட் அதில் எங்கே உறையும்? அதனால் இரண்டு தட்டையும் கடைக்குக் கொண்டுபோய்க் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வந்தார். "காலைல போய் எடுத்துட்டு வந்துடறேன். போன கால் நிக்காம வந்துடுவேன்" என்றார். எனக்கு அப்போதே மனசு சொன்னது. "நான் போய் எடுத்துட்டு வர்றேங்க" என்றேன். "உனக்கு எதுக்குச் சிரமம்" என்று தடுத்துவிட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவர் கைக்கு யோசனை கிடையாது. சின்ன வயதில் தட்டுக் கழுவ அந்தப் பின்கட்டுக்குள் போனவர். அடுப்புக்குப் பக்கத்து மேடையில் நிறைந்த தட்டு இருந்தால் அது உள்ளே போக வேண்டும். கதவைச் சாத்த வேண்டும். மனசு எங்கே இருந்தாலும் கை அதைச் செய்துவிடும். வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். மகள் சின்னவளாக இருந்தபோது சோற்றுத் தட்டை மேசை மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போவாள். வந்து பார்த்தால் தட்டு இருக்காது. இவர் யாரோடோ பேசிக்கொண்டே அதை எடுத்துத் துணி அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். சிரித்த வாய்க்கு இப்போது வலிக்கிறது.

விடுமுறையன்று காலை குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு போனார். போனவர் வரவில்லை. போன் பண்ணினால் எடுக்கவில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மகள் இறங்கினாள், மாப்பிள்ளை இறங்கினார், சம்பந்தியம்மா இறங்கினார். மகள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வீட்டுக்குள் பார்த்தாள். செருப்பு விடுகிற இடத்தைப் பார்த்தாள். அங்கே அவர் செருப்பு இல்லை.

"எங்கம்மா?"

"இப்ப வந்துடுவாரு. தட்டு எடுக்கப் போயிருக்காரு."

அவள் கையிலிருந்த பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். சம்பந்தியம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "இந்தத் தடவையாவது பொண்ணோட அப்பாவைப் பாப்பமா?" என்றார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. கல்லாவில் நிற்கிற பெண்.

"அக்கா, கொஞ்சம் கடைக்கு வர்றீங்களா? மாஸ்டர் அடுப்பு முன்னாடி தரையில உக்காந்துட்டாரு. கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேங்கறாரு."

உயிர் போய் வந்தது எனக்கு. மாப்பிள்ளையை அவர் அம்மாவுக்குத் துணையாக இருக்கச் சொல்லிவிட்டு நானும் மகளும் ஓடினோம். கடைக்கு வெளியே வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. "வரிசைல வாங்க" என்று யாரோ கத்தினார்கள். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். வழி விட்டார்கள்.

பின்கட்டில் கால் வைத்ததுமே பால் தீய்ந்த நாற்றம். அவர் மாவு மூட்டையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை. இஸ்திரி போட்ட சட்டைக்கு மேல் ஏப்ரன். அவருக்கு முன்னால் இரண்டு கறுப்புத் தட்டுகள். ஒன்றில் சாக்லேட் கொதித்து வழிந்து கரியாகப் பொங்கி நின்றது. இன்னொன்றில் உருண்டை என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் உருகி, பரவி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஒரே பழுப்புப் பாளமாகக் கிடந்தது. ஓரத்தில் தேங்காய்த் துருவல் கருகி மயிர் மாதிரி நின்றது.

கல்லாப் பெண் என் காதோடு சொன்னாள். இவருக்கு அடுத்தபடி வேலை பார்க்கிற சின்ன மாஸ்டர் காலையில் வரவேயில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பின இவரை முதலாளி வாசலில் மறித்து, "ஒரே ஒரு ஈடு மட்டும் போட்டுக் குடுத்துட்டுப் போயிடுங்க மாஸ்டர்" என்று கையைப் பிடித்திருக்கிறார். இவரும் தட்டுகளை மேடை மேல் வைத்துவிட்டு ஏப்ரனைக் கட்டியிருக்கிறார். ஒரு ஈடு இரண்டானது, இரண்டு மூன்றானது. நடுவில் வாசல் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம், பெண் வந்திருப்பாளே என்று. கை மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்தது. மேடையில் இருந்த தட்டுகளை எடுத்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியது. அவருடைய சொந்தத் தட்டுகளை. வாழ்நாளில் அடுப்பு ஏறக் கூடாது என்று அவர் வைத்திருந்த ஒரே பண்டத்தை.

முதலாளி முன்கட்டிலிருந்து வந்தார். முகத்தில் அதே சிரிப்பு.

"வாங்க தங்கச்சி. ஒண்ணுமில்ல, சின்னக் கவனப்பிசகு. அவரோட தட்டையே அவரு உள்ள வச்சுட்டாரு. சிரிச்சுட்டு விட வேண்டிய விஷயம். இதுக்குப் போயி மனசு உடைஞ்சுட்டாரு. ஷோகேஸ்ல என்ன வேணுமோ எடுத்துட்டுப் போங்க. நேத்து கேக்கு ரெண்டு நல்லாவே இருக்கு. நம்ம கடைதானே?" என்றார். அதே மூச்சில் இவர் பக்கம் திரும்பி, "மாஸ்டர், அந்த அடுத்த ஈடு..." என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"உங்க பொண்ணு எங்க முதலாளி?"

"எம் பொண்ணா? வீட்லதான். பேரப் பசங்களோட வந்திருக்கு."

"நீங்க எப்பப் போவீங்க வீட்டுக்கு?"

"சாப்பாட்டுக்குப் போயிடுவேன் தங்கச்சி."

"அப்ப இவரு?"

அவர் கல்லாப் பக்கம் திரும்பினார்.

"என்னைத் தங்கச்சின்னு கூப்பிடாதீங்க. கூடப் பிறந்தவளோட புருஷனை யாரும் இப்படி நடத்த மாட்டாங்க. ஒரே குடும்பம், ஒரே குடும்பம்னு வாய் நிறையச் சொல்றீங்களே, அந்தக் குடும்பத்துல நல்ல நாள்ல உக்காந்து சாப்பிடறது நீங்க, நின்னு வேகறது இவரு மட்டும்தானா? எம் பொண்ணு சின்னக் குழந்தையா இருந்தப்ப போன் பண்ணினா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவ அப்பாகிட்ட குடுத்திருக்கீங்களா? ஒரு நாள் கேட்டாரு. ஆயுசுல ஒரு நாள். அதையும் தரேன்னு சொல்லிட்டு வாசல்ல மறிச்சு வாங்கிட்டீங்க. இப்ப நேத்து கேக்கு குடுக்கறீங்க. அந்த நேத்து கேக்கையும் இவருதான் வேக வச்சாரு!"

வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும்.

மகள் எதையும் கேட்ட மாதிரி தெரியவில்லை. அவள் அப்பாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, அந்தப் பழுப்புப் பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குழி போடாம வச்சிருந்தீங்களாப்பா?"

"ஆமாம்மா. ஒண்ணுலயும் விரல் வைக்கல. உனக்குன்னுதான்..." பாதிப் புருவத்தோடு அந்த முகம் கோணியது. நான் அவரைக் கல்யாணம் பண்ணி வந்த நாளிலிருந்து அந்த முகம் அழுது பார்த்ததில்லை. முதலாளியின் சட்டையைப் பிடிக்கலாமா என்று இருந்தது எனக்கு.

அவர் எழுந்தார். எழுந்து என்ன செய்தார் தெரியுமா? அடுப்பின் கண்ணாடி வழியாக உள்ளே குனிந்து பார்த்தார். கூடப் போட்ட ஈடு உள்ளே வெந்துகொண்டிருந்தது. அது வேகட்டும் என்று நின்றார்! வயிறெரிந்து நாங்கள் நிற்கிறோம், ஊரே எட்டிப் பார்க்கிறது, இந்த மனுஷன் யாரோ தின்னப் போகிற கேக் நன்றாக வேக வேண்டுமே என்று காத்துக்கொண்டு நிற்கிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. வெந்ததும் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆறுகிற அலமாரியில் அடுக்கினார். முதலாளியின் முகம் தெளிந்தது.

அப்புறம் குனிந்து கேஸ் குழாயைத் திருகி அடுப்பை அணைத்தார்.

அடுப்பின் இரைச்சல் நின்றதும் அந்த இடம் எப்படியோ ஆகிவிட்டது. அந்தக் கடையில் அந்த நாளில் அந்தச் சத்தம் நின்று யாரும் கேட்டதில்லை.

"மாஸ்டர்! வெளிய கூட்டம் நிக்குது!"

"நிக்குது முதலாளி. வருஷா வருஷம் நிக்குது." ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினார்.

"அப்ப இனிமே..."

"இனிமே உள்ளத நாளைக்குப் பேசிக்கலாம்."

கருகின தட்டு இரண்டையும் அவரே தூக்கிக்கொண்டார். முன்கட்டு வழியாகவே வெளியே வந்தோம். அந்த வாசல் வழியாக வேலை நேரத்தில் அவர் வந்ததே கிடையாது. வரிசையில் இருந்தவர்கள் அவரையும் அந்தத் தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு அம்மா, "இவரா செய்யறாரு இதெல்லாம்?" என்று பக்கத்தில் கேட்டாள்.

தெருமுனை திரும்பின பிறகு, "வேலை இருக்குமான்னு தெரியல" என்றார் மெதுவாக. போனால் போகட்டும் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் எனக்கும் பயம் இருந்தது, பொய் சொல்வானேன். "அத நாளைக்குப் பயப்படுவோம். இன்னிக்கு நடங்க" என்றேன்.

வீட்டில் சம்பந்தியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். தட்டைப் பார்த்தார். "இது என்ன?" மகள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். இனி இந்தம்மா என்ன சொல்லப் போகிறாரோ என்று, பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை தயாராக வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை பாவம், சமாதானம் பண்ண நினைத்து ஓரத்தில் சுரண்டி வாயில் போட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். சம்பந்தியம்மாவும் ஒரு துணுக்கை எடுத்துக் கடித்துத் துப்பினார்.

"பொய் சொல்லாதடா. கரி." அப்புறம் இவரை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணத்தன்னிக்கு உங்களைத் தேடித் தேடிப் பாத்தேன் சம்பந்தி. இன்னிக்குத்தான் கிட்ட நின்னு பாக்கறேன். புருவம் என்ன ஆச்சு?"

"அடுப்பு எடுத்துக்கிச்சு" என்றார் இவர்.

"இன்னும் என்னென்ன எடுத்துக்க விடறதா இருந்தீங்க?" என்று கேட்டார் சம்பந்தியம்மா. சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் நான் இத்தனை வருஷமாக இவரிடம் கேட்க நினைத்த கேள்வி அதுதான். நான் தயாராக வைத்திருந்த வார்த்தைகள் எங்கோ போய்விட்டன. சம்பந்தியம்மா மகன் பக்கம் திரும்பினார். "நிக்காத. பிஸ்கட் எங்க கிடைக்குமோ ஓடிப் போய் வாங்கிட்டு வா."

கூடத்தில் செய்தித்தாள் விரித்தோம். சம்பந்தியம்மாவே டம்ளரை எடுத்துப் பிஸ்கட்டை நொறுக்கினார். "அடுப்பே வேண்டாமா இதுக்கு?" என்று இரண்டு தடவை கேட்டார். "வேண்டாம்" என்று இவர் இரண்டு தடவையும் சொன்னார், அதுவே ஒரு பெருமை மாதிரி. வெண்ணெய் மிச்சம் இருந்தது, கெட்டிப்பால் கொஞ்சம் குறைந்தது, பேரீச்சம்பழத்தைக் கூடப் போட்டுச் சரிக்கட்டினோம். சாக்லேட் வில்லை போனது போனதுதான். எதிர்வீட்டு அக்கா கதவில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். நான் பார்த்த பார்வையில் பேசாமல் உள்ளே வந்து உட்கார்ந்து உருட்ட ஆரம்பித்தாள்.

அவர் பிசைந்தார். மகள் முந்திரி டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். உருண்டைகளை அவர் ஒவ்வொன்றாகத் தட்டில் வைக்க வைக்க, அவள் கட்டைவிரலை அழுத்தினாள். சின்ன வயதில் போட்ட குழியைவிட இப்போது பெரிதாக விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். தட்டு நிறைந்ததும் அவர் கை தானாக அதை எடுத்து அலமாரிப் பக்கம் போனது. மகள் தட்டின் விளிம்பைப் பிடித்து நிறுத்தினாள். அவர் தன் கையைப் பார்த்துவிட்டு அசடு வழியச் சிரித்தார்.

அப்போது அவர் போன் அடித்தது. செய்தித்தாளின் மேல் கிடந்த போன், பிஸ்கட் பொடிக்கு நடுவில் நடுங்கி நடுங்கி நகர்ந்தது. முதலாளி. நின்றது. மறுபடி அடித்தது. அவர் கை போனை நோக்கிப் போவதை நான் பார்த்தேன். அதற்கும் யோசனை கிடையாதே. பழக்கம். நான் எழுந்தேன். எனக்கு முன்னால் மகள் எடுத்துவிட்டாள். கட்டைவிரல் முழுக்கக் கோகோவும் கெட்டிப்பாலுமாக இருந்ததால் சுண்டுவிரலால் தொட்டுக் காதில் வைத்தாள்.

அந்தப் பக்கம் மூச்சு விடாமல் பேச்சு கேட்டது. அவள் முடியும் வரைக்கும் காத்திருக்கவில்லை.

"மாஸ்டர் வேலையா இருக்காரு" என்றாள். அந்தக் குரல், பொம்மை விளையாட்டில் வருமே, அதே குரல். "அப்புறம் கூப்பிடுங்க."

டக்கென்று வைத்துவிட்டு, அடுத்த உருண்டையில் விரலை அழுத்தினாள்.